சான்றிதழும் சாட்சியும்



கல்லூரி விடுமுறை நாட்களில் பங்கு அலுவலகத்திற்கு ஒரு வேண்டுகோள் அடிக்கடி வருகிறது. அண்மையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகனை அழைத்துக்கொண்டு ஒரு தாய் வந்தார். "சாமி, பையன் நம்ம கோயில்ல நாற்பது மணி நேரம் சேவை செஞ்சான்னு ஒரு கடிதம் எழுதி, சீல் வச்சுக் குடுங்க. காலேஜ்ல கேக்கறாங்க" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் எந்தச் சேவையும் செய்யவில்லை என்பது அங்கிருந்த மூவருக்குமே தெரியும்.

உண்மையைச் சொன்னால், இதற்கு முன் இப்படிப்பட்ட கடிதங்களில் நாம் கையெழுத்திட்டிருக்கிறோம். படிக்கிற பிள்ளைக்கு நம்மால் தடை வரவேண்டாம் என்ற இரக்கம்தான் காரணம். ஆனால் அந்த இரக்கம் பிள்ளைக்கு நன்மை செய்ததா என்று இப்போது சிந்திக்க வேண்டியிருக்கிறது.

மாறிவரும் படிப்பு

வணிகவியல், மேலாண்மை மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியிலும் கற்க வேண்டும் என்பது புதிய கருத்து அல்ல. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். குஜராத்தின் ஆனந்த் நகரில் வர்கீஸ் குரியன் 1979-இல் தொடங்கிய இர்மா என்னும் ஊரக மேலாண்மை நிறுவனம், மாணவர்களை வாரக்கணக்கில் கிராமத்தில் தங்கவைத்தே பாடம் கற்பித்தது. எம்.பி.ஏ. மாணவர்கள் முதலாண்டு முடிந்ததும் ஒரு நிறுவனத்தில் இரண்டு மாதம் பயிற்சி பெறுவதும் நெடுநாள் வழக்கம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பட்டப் பாடத்திட்ட அமைப்பில், இன்டர்ன்ஷிப் எனப்படும் பணியிடப் பயிற்சிக்கும் சமூகப் பணிக்கும் கிரெடிட் உண்டு. ஆக, முன்பு சிலருக்கு மட்டும் வாய்த்தது, இன்று நம் பங்கிலுள்ள பி.காம்., பி.பி.ஏ. பிள்ளைகளின் வாசலுக்கும் வந்துவிட்டது. இது நல்ல மாற்றம். ஆனால் ஒன்று எல்லாருக்கும் கட்டாயமாகும்போது, அதன் நோக்கம் மறைந்து தாள் மட்டும் மிஞ்சும் ஆபத்தும் கூடவே வருகிறது.

பூக்காரம்மாவின் கணக்கு

அந்த நோக்கம் என்ன? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வகுப்பில் வட்டி என்றால் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கற்பிக்கிறார்கள். தெருவில் பூ விற்கும் அம்மா காலையில் 900 ரூபாய் கடன் வாங்கி, மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கிறார். ஒரு நாளைக்கே 11 சதவீதத்துக்கு மேல்! மாதத்தில் 25 நாள் வியாபாரம் என்றால் 2,500 ரூபாய் வட்டியாகவே போகிறது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போகும்போது அவர் கையில் அந்த 900 ரூபாய் இல்லை. பாடநூல் 'நடைமுறை மூலதனம்' என்று சொல்வது இதைத்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் சில நாட்கள் உட்காரும் மாணவன், அவர் உழைக்காததால் ஏழையாக இருக்கவில்லை என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வான்.

இதே மாணவன் பிறகு ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பயிற்சிக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். சிறு தொழில் செய்வோரிடம் சரக்கு வாங்கினால் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம். ஆனாலும் மேசையில் பில் கிடந்துகொண்டே இருக்கலாம். பூக்காரம்மாவை அறிந்தவனுக்கு அந்தப் பில் வெறும் தாளாகத் தெரியாது. அதன் பின்னால் சனிக்கிழமைக் கூலிக்காகக் காத்திருக்கும் ஐந்தாறு பேர் தெரிவார்கள்.

இதன் மறுபக்கமும் உண்மையே. நல்ல மனத்தோடு தொடங்கி, வரவு செலவு எழுதாததால் சந்தேகமும் சண்டையும் வந்து கலைந்துபோன சுயஉதவிக் குழுக்களை நாம் கண்டிருக்கிறோம். நேரத்துக்கு வருவது, இருப்பைச் சரிபார்ப்பது, ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதது ஆகியவற்றைப் பணியிடம் கற்றுத்தருகிறது. இரக்கத்துக்கும் இந்த ஒழுங்கு தேவை. எனவே சமூகப் பணியும் பணியிடப் பயிற்சியும் இரண்டு தனித்தனிச் சான்றிதழ்கள் அல்ல. ஒன்று இல்லாமல் மற்றது முழுமை பெறாது.

2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணம் எங்கே போகவேண்டும் என்று நாளை தீர்மானிக்கப்போகிறவர்கள் இன்றைய மாணவர்கள்தாம். இலாபம் ஈட்டுவது ஒருபுறம், தருமம் செய்வது மறுபுறம் என்று பிரிக்காமல், அன்றாட வணிகத்துக்குள்ளேயே கொடைமனம் இடம்பெற வேண்டும் என்பதைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009-இல் 'உண்மையில் அன்பு' என்னும் சுற்றுமடலில் வலியுறுத்தினார்.

எங்கே தவறுகிறது?

தெரிந்தவர் கம்பெனியில் ஒரு கடிதம், கடையில் விலைக்கு வாங்கிய ப்ராஜெக்ட், அன்னதானத்தில் இலை போட்டபடி ஒரு புகைப்படம் என்று வேலை முடிந்துவிடுகிறது. வணிகம் செய்யப்போகும் பிள்ளை, கணக்கில் முதல் பொய்யைப் பெற்றோர் முன்னிலையில், சில நேரம் பங்குத்தந்தையின் முத்திரையோடு எழுதக் கற்றுக்கொள்கிறான்.

இன்னொரு தவறும் உண்டு. கல்லூரி வழியாகச் செய்யும் பயிற்சி பெரும்பாலும் சம்பளம் இல்லாதது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் வருபவர்களுக்கு உதவித்தொகை கட்டாயம். இந்த மாணவர்களுக்கு அப்படி ஒரு காப்பு இல்லை. மத்திய அரசு 2024-இல் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையோடு வந்தது. ஆனால் முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதில் சேர அப்போதைய விதிகள் இடம் தரவில்லை. விளைவு என்ன? வசதியுள்ள பிள்ளை சென்னையில் அறை எடுத்துத் தங்கிப் பயிற்சி பெறுகிறான். வசதியில்லாத பிள்ளை மாலையில் ஜவுளிக் கடையில் துணி மடித்து வீட்டுக்குப் பணம் கொடுக்கிறான். வாடிக்கையாளரிடம் பேசவும், இருப்பைப் பார்க்கவும், முதலாளியிடம் பதில் சொல்லவும் அவன் அங்கே கற்றுக்கொள்வதை யாரும் பயிற்சி என்று எழுதித் தருவதில்லை!

இருபது வயது மாணவர் ஒருவர்

நம் பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபையை ஒரு மாணவர்தான் தொடங்கினார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாரிஸில் சட்டம் படித்துக்கொண்டிருந்த பிரடெரிக் ஓசானாம், 1833 ஏப்ரல் 23 அன்று, தம் இருபதாவது பிறந்தநாளில், நண்பர்கள் சிலரோடு அதைத் தொடங்கினார். நம்பிக்கையைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று உடன் படித்தவர்கள் கேட்ட கேள்விதான் அவர்களை உலுக்கியது. அருள்சகோதரி ரோசலி ராண்டூ வழிகாட்ட, அவர்கள் ஏழைகளின் வீடுகளுக்கே சென்றார்கள். பின்னாளில், 1839-இல், ஓசானாம் லியோன் நகரில் வணிகச் சட்டம் கற்பிக்கும் பேராசிரியரானார். 1997-இல் அருளாளராக உயர்த்தப்பட்டார். இளமையில் ஏழையின் வீட்டுப் படியேறியவர் வணிகச் சட்டம் கற்பித்தார் என்பது இன்றைய வணிக மாணவர்களுக்கும் பொருத்தமான செய்தி.

நம் பங்கில் என்ன செய்யலாம்?

முதலாவதாக, செய்யாத சேவைக்குக் கடிதம் தருவதில்லை என்று பங்குப் பேரவை முடிவெடுக்கலாம். கடிதத்தை மறுத்தால் மட்டும் போதாது, வேலையையும் நாம்தான் காட்ட வேண்டும். அன்பியங்களின் சுயஉதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுத ஆள் தேவை. முதியோருக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப ஆள் தேவை. வின்சென்ட் தே பவுல் சபையினரோடு வீடு சந்திக்கவும் ஆள் தேவை. பங்கிலுள்ள கணக்காளர்களும் கடை முதலாளிகளும் ஆளுக்கு ஒரு மாணவரைப் பயிற்சிக்கு எடுத்து, பஸ் கட்டணமும் மதிய உணவுமாவது கொடுக்கலாம். ஏற்கெனவே கடையில் உழைக்கும் பிள்ளைக்கு, அந்த உழைப்பையே பயிற்சியாக ஏற்கும்படி கல்லூரியிடம் பேசலாம்.

பெற்றோரே, பிள்ளை வீடு திரும்பியதும் "சர்டிஃபிகேட் கிடைச்சுதா?" என்று கேட்கும் முன், "இன்னைக்கு யாரைப் பார்த்தே?" என்று கேட்போம். அந்தப் பதிலில் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறதா என்று கவனிப்போம்.

அந்தத் தாய்க்கு அன்று நாம் கடிதம் கொடுக்கவில்லை. வருத்தத்தோடுதான் போனார். அடுத்த சனிக்கிழமை பையன் மட்டும் வந்தான். மகளிர் குழு ஒன்றின் பழைய நோட்டுகளோடு உட்கார்ந்தான். கல்லூரி கேட்ட நாளுக்குள் அவனால் முடிந்தது இருபத்திரண்டு மணி நேரம்தான். கடிதத்தில் நாமும் இருபத்திரண்டு என்றே எழுதினோம். கல்லூரி அதை ஏற்குமா என்று அவன் கேட்கவில்லை. நோட்டில் ஒரு பாட்டியின் கணக்கில் 300 ரூபாய் குறைவாக எழுதப்பட்டிருப்பதாகவும், அதைச் சரிசெய்ய அடுத்த வாரமும் வர வேண்டும் என்றும் சொன்னான்.