திரைக்குப் பின்னால் இருக்கும் தகுதி

“மெரிட்ல வந்தாத்தான் தம்பி மரியாதை. இல்லேன்னா நம்ம ஊரு ரிசர்வேஷன் கதையாயிடும்.”

அமெரிக்காவின் நடுமேற்கு நகரம் ஒன்றில், ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் இசை அறையில், பெற்றோர் கூட்டம் முடிந்து காபி எடுக்கும்போது ஒரு தமிழர் என்னிடம் சொன்னது இது. அன்று கூட்டம் விவாதித்த பொருள் ஒரு செல்லோ.

கல்விச் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கடந்த கல்வியாண்டு முழுக்க வாரம் இரண்டு நாள் அந்தப் பள்ளியில் தன்னார்வலனாக இருந்தேன். நாற்காலி போடுவது, இசைத்தாள் அடுக்குவது, எந்த வாத்தியம் யாரிடம் இருக்கிறது என்று கணக்கு எழுதுவது என் வேலை. இந்தக் கடைசி வேலைதான் எனக்குப் பாடம் நடத்தியது.

அங்கே இசைக்கு மூன்று வாசல்கள். கொயர் என்னும் சேர்ந்திசைக்குத் தொண்டை இருந்தால் போதும். பேண்டில் டூபா போன்ற பெரிய வாத்தியங்களைப் பள்ளியே தரும். ஆகஸ்ட் வெயிலில் அணிவகுப்புப் பயிற்சி, பிறகு வெள்ளி இரவுகளில் கால்பந்து மைதானம். ஆர்க்கெஸ்ட்ரா வேறு மாதிரி. வயலினோ செல்லோவோ ஆறேழு வயதிலேயே தனி ஆசிரியரிடம் தொடங்கிய பிள்ளைகளே முன்வரிசையில் இருப்பார்கள். மூன்று அறைகளும் ஒரே தாழ்வாரத்தில்தான் இருந்தன. ஆனால் கொயரிலிருந்து ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நடந்து போனால் பிள்ளைகளின் நிறம் மாறிவிடும்.

முன்வரிசை யாருக்கு என்பதைத் தேர்வு வைத்து முடிவு செய்வார்கள். வாசிப்பவர் திரைக்குப் பின்னால் இருப்பார். ஆசிரியருக்குப் பெயர் தெரியாது, எண் மட்டுமே தெரியும். இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

ஒரு கறுப்பின மாணவி பள்ளியின் செல்லோவை வாசித்தாள். பள்ளிப் பேருந்தில் செல்லோ ஏற்றக்கூடாது என்பது விதி. வீட்டில் கார் இல்லை. ஆகவே மதிய உணவு இடைவேளைதான் அவளுடைய பயிற்சி நேரம். முதல் நாற்காலிக்கு வந்த மாணவியிடம் சொந்தச் செல்லோவும் வாரம் ஒரு தனி வகுப்பும் இருந்தன. அவள் அருமையாக வாசித்தாள். அவள்மீது ஒரு குறையும் இல்லை. அவளுடைய அப்பாதான் என்னிடம் மெரிட் பேசியவர்.

திரை முகத்தை மறைத்தது. ஆனால் செல்லோ வீட்டில் இருந்த மாலைகளையும் இல்லாத மாலைகளையும் அதனால் மறைக்க முடியவில்லை. முதல் வில் இழுப்பிலேயே அவை கேட்டுவிட்டன.

இது ஒரு பள்ளியின் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் திரை வைத்த பிறகு பெண்கள் கூடுதலாகத் தேர்வானார்கள் என்று கோல்டின், ரவுஸ் இருவரும் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதுவரை காதுகள் பாரபட்சமாக இருந்தன என்பதற்கு அது சான்று. ஆனால் கறுப்பினக் கலைஞர்களுக்கு என்ன நடந்தது? 1969இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்மீது இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் நகரின் மனித உரிமை ஆணையத்தில் பாகுபாட்டுப் புகார் கொடுத்தபோது, அந்தக் குழுவில் ஒரே ஒரு கறுப்பினக் கலைஞர் இருந்தார். 2020லும் ஒருவர்தான்: கிளாரினெட் கலைஞர் ஆண்டனி மெக்கில். அவர் சிகாகோவில் சிறுவனாகப் பயின்ற இசைப்பள்ளியின் பெயர் ‘மெரிட்’. பொதுப்பள்ளிகளில் இசை வகுப்புகள் வெட்டப்பட்டபோது, வசதியற்ற பிள்ளைகளுக்காக 1979இல் தொடங்கப்பட்டது அது. அந்தத் தகுதியை யாரோ இடம் கொடுத்து, ஆசிரியர் கொடுத்து வளர்த்தார்கள்.

இனி என் கதை. என் அப்பா பேண்டு செட்டில் டிரம்பெட் வாசித்தவர். கல்யாண ஊர்வலத்துக்கு அவர் வேண்டும். பந்தியில் கடைசியில்தான் இலை. நான் படித்த பள்ளியில் ஆண்டுவிழா என்றால் சிறப்பு விருந்தினரை வரவேற்க அப்பாவின் குழுவைக் கூப்பிடுவார்கள். இறைவணக்கம் பாட மட்டும், வீட்டில் பாட்டு வகுப்பு வைத்திருந்த பிள்ளைகளை எடுப்பார்கள். என் சுருதி சேரவில்லை என்றார் ஆசிரியர். இருக்கலாம். ஆனால் என் அப்பா வாசித்தது இசை என்று அந்தப் பள்ளியில் ஒருவரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் வாத்தியம் இருந்தது, பள்ளியில் அதற்கு இடமில்லை. அந்தப் பெண்ணுக்குப் பள்ளியில் வாத்தியம் இருந்தது, வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை.

கூட்டத்தில் ஆசிரியர் முன்வைத்தது எளிய யோசனை. பெற்றோர் திரட்டிய நிதியில் இன்னொரு செல்லோ வாங்கி, வாத்தியம் இல்லாத மாணவர் வீட்டிலேயே ஆண்டு முழுக்க வைப்பது. அந்தத் தமிழர், முதலிடம் வந்தவர்களின் கோடை முகாமுக்கே பணத்தைச் செலவிட வேண்டும் என்றார். நீட் விவாதத்தில் நாம் கேட்ட அதே குரல். ஒரே வினாத்தாள், ஒரே விடைத்தாள், எண் மட்டும். அதுவும் ஒரு திரைதான். அந்தத் திரைக்குப் பின்னால் யாருடைய பயிற்சிக் கட்டணம் இருந்தது என்று கேட்டதால்தான் 2020இல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது.

காபியோடு அவர் அடுத்த கேள்விக்கு வந்தார்: “தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?”

கடல் தாண்டினாலும் இந்தக் கேள்வி மாறுவதில்லை.

“எங்கப்பா பேண்டு செட்டுல டிரம்பெட் வாசிச்சவர் சார்” என்றேன். அவர் சர்க்கரை தேடப் போய்விட்டார்.

ஓட்டெடுப்பில் ஆசிரியரின் யோசனை சொற்ப வித்தியாசத்தில் வென்றது. மே மாதக் கடைசியில் அவருடைய வேனில் அந்தச் செல்லோ மாணவியின் வீட்டுக்குப் போனது. கணக்கு நோட்டில் அவள் பெயருக்கு நேராக ‘வீட்டில்’ என்று நான்தான் எழுதினேன். அடுத்த தேர்வில் அவள் எந்த நாற்காலிக்கு வருவாள் என்று தெரியாது. பின்வரிசையிலேயே இருந்தாலும் அந்தச் செல்லோ அவளுக்குச் சேரவேண்டியதே.

நம் அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. வரவேற்கிறேன். போட்டி வைத்துப் பரிசு கொடுப்பதோடு, வாத்தியம் வாங்கிப் பிள்ளைகளின் வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள். இசை ஆசிரியரை நியமியுங்கள். அந்த வகுப்பில் வயலினுக்குப் பக்கத்திலேயே பறையும் டிரம்பெட்டும் இருக்கட்டும். அவற்றைச் சொல்லிக்கொடுக்க என் அப்பா போன்றவர்களைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

தகுதியைப் பற்றிப் பிறகு பேசலாம்.