ஆட்டம் ஊருக்கு, பெயர் யாருக்கு?

மீன்சுருட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வயதான பாட்டி ஒருத்தியிடம் போய், "பல்லாங்குழி யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பாள். பலகை வேண்டுமானால் அவள் தாய் வீட்டுச் சீராக இருக்கலாம். ஆட்டத்துக்கு ஏது சொந்தக்காரர்? பதினான்கு குழியும் ஒரு படி புளியங்கொட்டையும் இருந்தால் போதும். ஆடுபுலி ஆட்டத்துக்கு அதுவும் வேண்டாம். தரையில் கட்டம் கிழிக்க ஒரு கரித்துண்டு, மூன்று புலிக்கு மூன்று கல், பதினைந்து ஆட்டுக்குப் பதினைந்து கொட்டை. லைசென்சும் இல்லை, வரியும் இல்லை!

வெளி உலகம் அப்படி இல்லை. அங்கே ஆட்டங்களுக்கும் முதலாளி உண்டு, பதிவு உண்டு, வக்கீல் உண்டு. மறந்துபோன ஆட்டம் ஒன்றுக்கு மறுபடியும் உயிர் கொடுக்க யாராவது ஆசைப்பட்டால், ஆட்டத்தைக் கற்பதற்கு முன் சட்டத்தைக் கற்க வேண்டியிருக்கிறது. இது நியாயமா?

பாதி நியாயம் என்பதே நம் கருத்து. அந்தப் பாதி எது என்பதைப் பார்ப்போம்.

பச்சீசி கப்பலேறிய கதை

வடநாட்டுப் பச்சீசியும் நம் பக்கத்துத் தாயக்கட்டமும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். சிலுவை போல விரியும் கட்டங்கள். உருட்டினால் விழும் எண். எதிரியின் காயை வெட்டி, நம் காயைப் பழமாக்கும் அவசரம். இந்தப் பச்சீசி கப்பலேறி மேல்நாடு போயிற்று. இங்கிலாந்தில் 1896ல் 'லூடோ' ஆனது. அதற்கு முன்பே, 1874ல், அமெரிக்காவில் 'பார்ச்சீசி' என்ற பெயர் வியாபாரச் சின்னமாகப் பதிவாகிவிட்டது. பிறகு கம்பெனிகள் கைமாறிக் கைமாறி, 1989ல் ஹாஸ்புரோ என்ற பெரிய விளையாட்டுக் கம்பெனியிடம் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது.

ஆட்டம் நம் நாட்டிலிருந்து போனது. பெயரும் நம் பெயரின் திரிபுதான். ஆனாலும் அங்கே அந்தப் பெயருக்கு உரிமையாளர் வேறு! அதே கட்டத்தில் அதே ஆட்டத்தை அமெரிக்காவில் யாரும் ஆடலாம். பலகை செய்து விற்கலாம். 'பார்ச்சீசி' என்று பெட்டியின் மேல் அச்சிடுவதற்குத்தான் தடை.

இந்த ஹாஸ்புரோவின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த இரண்டு கதைகளிலும் அது வருகிறது.

விண்வெளிக் கூத்து

1982ல் அமெரிக்காவின் டி.எஸ்.ஆர். கம்பெனி 'ஸ்டார் ஃபிரன்டியர்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. இது காய் நகர்த்தும் ஆட்டம் அல்ல. எழுதிவைத்த வசனம் இல்லாத தெருக்கூத்து என்று சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் ஏற்பார்கள்: ஒருவர் மனிதர், ஒருவர் பூச்சி போன்ற விருஸ்க், ஒருவர் நினைத்த வடிவம் எடுக்கும் டிராலசைட், ஒருவர் குரங்கு போலிருந்து காற்றில் மிதக்கும் யாஸிரியன். புழு வடிவான சாத்தர்கள் பொது எதிரி. துப்பாக்கிக் குண்டு பட்டதா, கப்பல் தப்பியதா என்பதைப் பத்து முகம் கொண்ட இரண்டு பகடைகள் தீர்மானிக்கும்.

சில ஆண்டுகளில் ஆட்டம் கடையிலிருந்து மறைந்தது. டி.எஸ்.ஆர். கம்பெனியை 1997ல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. விசார்ட்ஸை 1999ல் ஹாஸ்புரோ வாங்கியது. பழைய ஆட்டம் பெரிய கம்பெனியின் பரணில் தூங்கியது.

டி.எஸ்.ஆர். என்ற பெயரின் பதிவும் காலாவதி ஆயிற்று. 2011ல் வேறொருவர் அதைப் பதிவு செய்தார். 2020ல் உரிய காலத்தில் காகிதம் தாக்கல் செய்யத் தவறியதால் அவரும் அதை இழந்தார். உடனே மூன்றாவது கூட்டம் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டது. டி.எஸ்.ஆர். என்ற பெயரிலேயே புதிய கம்பெனி கண்டு, 'ஸ்டார் ஃபிரன்டியர்ஸ்' ஆட்டத்தையும் புதிதாக வெளியிடப் போவதாக அறிவித்தது. யாரும் தொடாத பெயர், ஆகவே எங்களுக்கு உரியது என்பது அவர்கள் வாதம். பெயரை நாங்கள் கைவிடவில்லை என்பது விசார்ட்ஸின் வாதம். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது.

2022ல் அந்தப் புதிய ஆட்டத்தின் முன்வரைவு என்று ஒரு பிரதி வெளியே கசிந்தது. மனிதர்களுக்குள்ளேயே ஒரு இனத்தை உயர்த்தி, இன்னொரு இனத்தை அறிவில் தாழ்த்தி அதில் விதி எழுதியிருப்பதாக விசார்ட்ஸ் குற்றம் சாட்டி, செப்டம்பரில் இடைக்காலத் தடை கேட்டு மனுச் செய்தது. 2023 ஜூனில் புதிய கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. வழக்கு விசாரணையைக் காணாமலே முடங்கியது.

பெயர் எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை இந்த விவகாரம் காட்டுகிறது. பத்து வயதில் ஆசையோடு ஆடிய ஆட்டத்தின் பெயரை ஐம்பது வயதில் இப்படி ஒரு சண்டையில் கேட்பவர்களின் மனம் என்ன பாடுபடும்!

கொல்கத்தா சகோதரர்கள்

நம் நாட்டிலேயே இதற்கு நெருங்கிய வழக்கு ஒன்று நடந்திருக்கிறது. எழுத்துக் கட்டைகளை அடுக்கி வார்த்தை கோக்கும் 'ஸ்க்ராபிள்' ஆட்டத்தைக் கல்லூரி விடுதிகளில் பலர் பார்த்திருப்பார்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களில் அதைக் கண்டுபிடித்தார். 1948ல் அந்தப் பெயர் பதிவாயிற்று. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பெயருக்கு உரிமை ஹாஸ்புரோவுக்கு; மற்ற நாடுகளில் மாட்டெல் கம்பெனிக்கு.

கொல்கத்தாவைச் சேர்ந்த ரஜத், ஜயந்த் அகர்வாலா சகோதரர்கள் இந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஆடும்படி செய்து 'ஸ்க்ராபுலஸ்' என்று பெயர் வைத்தார்கள். 2007ல் ஃபேஸ்புக்கில் அது காட்டுத்தீ போலப் பரவியது. உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் ஆடினார்கள். பெட்டியில் தூசி படிந்து கிடந்த ஆட்டத்துக்கு இரண்டு இந்திய வாலிபர்கள் புது வாழ்வு கொடுத்தார்கள்!

விடுவார்களா? 2008 ஜூலையில் அமெரிக்காவில் ஹாஸ்புரோ வழக்குத் தொடுத்தது. இங்கே டெல்லி ஐகோர்ட்டில் மாட்டெல் வழக்குத் தொடுத்தது. 2008 செப்டம்பர் 17ந் தேதி நீதிபதி ரவீந்திர பட் தீர்ப்புச் சொன்னார். பலகையின் அமைப்பிலும் விதிகளிலும் காப்புரிமை கேட்டு மாட்டெல் தடை கோரியதை அவர் ஏற்கவில்லை. 'ஸ்க்ராபிள்' என்பது எல்லோருக்கும் பொதுவான சொல்லாகிவிட்டது என்று சகோதரர்கள் வாதாடியதையும் அவர் ஏற்கவில்லை. ஆட்டத்தை ஆடவிடலாம், 'ஸ்க்ராபுலஸ்' என்று அழைக்கக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

சகோதரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'லெக்சுலஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். பெயர் போயிற்று; பிழைப்புப் போகவில்லை.

கோடு எங்கே?

அந்தத் தீர்ப்பு கிழித்த கோடு சரியான கோடு என்று நாம் நினைக்கிறோம். விளையாடும் முறை ஊர்ச் சொத்து. அதற்கு வேலி போட்டால் நாளைக்குப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து ஆடக்கூடக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் பெயர் ஒரு வாக்குறுதி. கடைக்காரர் பெயரை நம்பிச் சரக்கு வாங்குகிறோம். யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை ஒட்டிக்கொள்ளலாம் என்றால் ஏமாறுகிறவர் வாங்குகிறவர்தான். பழைய ஆட்டத்துக்கு உயிர் கொடுப்பவர் தம் சொந்தப் பெயரில் கொடுக்கட்டும். ஆட்டம் நல்லதானால் பெயரும் நிலைக்கும்.

அதற்காக, பெயரைப் பெட்டியில் பூட்டிவைத்துக்கொண்டு, தானும் உண்ணாமல் பிறரையும் உண்ணவிடாத வைக்கோற்போர் நாயைப் போல நடப்பதையும் ஒப்புக்கொள்ள முடியாது. நம் நாட்டு வியாபாரச் சின்னச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. பதிவு பத்து ஆண்டுக்குத்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவான பெயரை ஐந்து ஆண்டும் அதற்கு மேல் மூன்று மாதமும் உபயோகிக்காமல் வைத்திருந்தால், பாதிக்கப்பட்டவர் மனுப் போட்டு நீக்கச் சொல்லலாம். உரிமை வேண்டுமென்றால் உழைக்க வேண்டும்!

நமக்கு என்ன இதில்?

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகில் இருக்கும் மீன்சுருட்டிக்காரருக்கு இந்தச் சண்டையால் என்ன வந்தது என்று கேட்கலாம். வந்திருக்கிறது. பல்லாங்குழியும் தாயமும் இன்று பளபளப்பான பெட்டிகளில் நகரத்துக் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் விதித்தாளில் இருப்பது ஏதோ ஒரு ஊரின் ஆட்டம். குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுப்பது ஒரு ஊர் வழக்கம். அதை வேறு விதமாக ஆடுவது பக்கத்து ஊர் வழக்கம். அச்சில் ஏறியது நிற்கும். பாட்டியின் வாயில் மட்டும் இருப்பது பாட்டியோடு போகும்.

வழக்கில் உள்ள பொதுப் பெயரைத் தனி ஒருவர் பதிவு செய்து கொள்வதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அப்படி யாராவது மனுப் போட்டால், அரசாங்கத்தின் சின்னப் பத்திரிகையில் விளம்பரமான நாலு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிக்கிறவர் கையில் ஆதாரம் வேண்டாமா? எந்த ஊரில், எத்தனை குழியில், எந்தப் பெயரில் ஆடினார்கள் என்று எழுதிவைத்த ஏடு இல்லையென்றால் எதைக் காட்டுவது?

இதற்குக் கோடிப் பணம் வேண்டியதில்லை. வருகிற கோடை விடுமுறையில், இந்த வட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கட்டும். வீட்டுப் பெரியவர்களிடம் போய், அவர்கள் ஆடிய ஆட்டத்தின் பெயர், கட்டம், விதி, பாட்டு, வெற்றி தோல்விக் கணக்கு எல்லாவற்றையும் தேதியும் ஊர்ப் பெயரும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வரட்டும். படமும் வரையட்டும். பள்ளி நூலகத்தில் அந்த நோட்டுகள் பத்திரமாக இருக்கட்டும். எழுதினால் மட்டும் போதாது, ஆடவும் வேண்டும். ஆடாத ஆட்டத்தைச் சட்டமும் காப்பாற்றாது, நோட்டும் காப்பாற்றாது.

பச்சீசி கப்பலேறியபோது நாம் தூங்கினோம். பல்லாங்குழிக்காவது விழித்திருப்போம்.