சத்தம் போட்டால் வண்டி ஓடாது

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுப் பையன் இரவு பதினொன்றே முக்காலுக்குக் காரில் வீடு திரும்புவான். அவன் வந்தது அவன் அம்மாவுக்குத் தெரிகிறதோ இல்லையோ, தெருவில் உள்ள இருபத்திரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிடும். போன ஆவணியில் என் மனைவிக்கு பைபாஸ் ஆபரேஷன் செய்து வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். நன்றாகத் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாம் நாள் இரவு அந்தக் கார் முனை திரும்பியதும் அவள் திடுக்கிட்டு எழுந்து, தைத்த நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விடியும்வரை அப்படியேதான்.

காலையில் போய்ச் சொன்னேன். பையன் மரியாதையாகத்தான் பேசினான். "சவுண்ட் இல்லேன்னா பிக்கப் இருக்காது தாத்தா. கம்பெனி சைலன்சர் எஞ்சினை அமுக்கி வச்சிருக்கு. அதை எடுத்தாத்தான் பவர் வரும்" என்றான். அவன் அப்பா என்னோடு தினமும் நடைப்பயிற்சிக்கு வருகிறவர். "வயசுப் பையன், நாலு நாள் ஆடிட்டு அடங்கிருவான்" என்று சிரித்தார்.

எனக்குப் பையன் மேல் வந்த கோபத்தைவிட அந்தச் சிரிப்பின் மேல் வந்த கோபம்தான் அதிகம். பையனுக்குத் தெரியாது, எவனோ சொன்னதை நம்பிவிட்டான். நமக்கு என்ன வந்தது?

நான் 31 வருடம் எஞ்சின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன். எந்தத் தொழிற்சாலை என்பது இங்கே வேண்டாம். காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள். அதை மாட்டினால் கேலி செய்வோம். இன்று என் இடது காதில் மெல்லிய ஒலி எதுவும் ஏறுவதில்லை. பேத்தி பேசினால் பேசுகிறாள் என்று தெரிகிறது; 'ச'வும் 'த'வும் ஒன்றாகக் கேட்கின்றன. சத்தத்தால் போன காது திரும்ப வராது. ஆகவே இந்த விஷயத்தில் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் இந்த 'சத்தம்தான் பவர்' என்ற கதையைப் பார்ப்போம். ஒரு மீட்டர் தூரத்தில் நின்றால் 100 டெசிபல் காட்டுகிற சத்தம் காதைப் பிளக்கும். அந்தச் சத்தத்தில் இருக்கிற மொத்த ஆற்றல் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. ஒரு டார்ச் பல்பு கூட அதில் ஒழுங்காக எரியாது. என்னுடைய பழைய கான்டெசாவின் எஞ்சின் 88 குதிரைத்திறன், அதாவது 65,000 வாட்டுக்குப் பக்கம். சத்தத்தை வெளியே விடுவதால் பவர் வரும் என்பது, வீட்டு வாசலில் தம்பட்டம் அடித்தால் உள்ளே சோறு வெந்துவிடும் என்பதைப் போல.

பின்னே சைலன்சர் எஞ்சினை அமுக்குவதே இல்லையா என்றால், மோசமாகச் செய்தது அமுக்கும். புகை போகிற வழியில் உள்ள தடைதான் பவரைத் தின்கிறது. சத்தம் வேறு, தடை வேறு. தடையைக் குறைத்து, சத்தத்தையும் குறைக்க முடியும். அதற்குக் கொஞ்சம் மூளையும் கொஞ்சம் இடமும் வேண்டும், அவ்வளவுதான். மூளையைச் செலவழிக்க விரும்பாத கடைக்காரர், உள்ளே ஒன்றுமில்லாத ஒரு டப்பாவை மாட்டி, 'ஃப்ரீ ஃப்ளோ' என்று பெயர் சொல்லி, ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொள்கிறார்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. போன மார்கழியில் என் கான்டெசாவின் சைலன்சர் துருப்பிடித்து அடியில் ஓட்டை விழுந்தது. அந்த வண்டி 2002லேயே நின்றுபோனது. கம்பெனி சைலன்சர் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. புதிதாகச் செய்துதான் ஆக வேண்டும். கடைக்காரர் வண்டியின் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டரை இஞ்ச் பைப் போட்டு நேரா விட்ருலாமுங்க சார். பழைய வண்டிக்கு ஜம்முனு சவுண்ட் வரும்" என்றார். "சத்தம் வேண்டாமுங்க, ஓட்டம் மட்டும் வேணும்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ரெண்டரை இஞ்ச் ஏன் கூடாது? வாய்க்கால் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். குறுகலான மடையில் தண்ணீர் பாய்ந்து ஓடும். அதையே அகலமான வாய்க்காலில் விட்டால் மந்தமாக நகரும். ஒரு சிலிண்டர் புகையைத் தள்ளும்போது அது வேகமாக ஓடினால், தன் பின்னால் அழுத்தத்தைக் குறைத்து மிச்சப் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் அந்த வேகம் போய்விடும். நாம் ஊருக்குள் ஓட்டுகிற 1500, 2000 சுற்றில் இழுவை குறையும். என் வண்டிக்கு ஒன்றேமுக்கால் இஞ்ச் போதும் என்று கணக்குப் போட்டேன்.

அடுத்தது வளைவு. கடைகளில் குழாயை அப்படியே அமுக்கி வளைப்பார்கள். வளைவில் அது நசுங்கி, உள்வழி குறுகிவிடும். அகலமான பைப் போட்டு, நாலு இடத்தில் நசுக்கிவிட்டு, பவருக்காகச் செய்தோம் என்பார்கள்! அந்தக் காலத்தில் எங்கள் ஷெட்டில் குழாய் நிறைய காய்ந்த மணலை இறுகக் குத்தி, இரண்டு பக்கமும் அடைத்து, பழுக்கக் காய்ச்சி வளைப்போம். வட்டம் வட்டமாகவே இருக்கும். கடைப் பையன் ஒருவனுக்கு அதைக் காட்டினேன். அவன் இரண்டாவது முயற்சியிலேயே என்னைவிட அழகாக வளைத்துவிட்டான்.

சைலன்சர் டப்பாவில் நான் தடுப்புத் தகடு எதுவும் வைக்கவில்லை. நடுவில் துளையிட்ட குழாய் ஒன்று நேராகப் போகும். சுற்றிலும் கண்ணாடிக் கம்பளி. புகைக்குத் தடை கிடையாது, கிறீச்சென்ற சத்தத்தைக் கம்பளி விழுங்கிவிடும். டப்பா பெரிதாக இருக்க வேண்டும். எஞ்சின் கொள்ளளவைப் போலப் பத்து மடங்காவது என்பது பழைய கணக்கு, என் 1.8 லிட்டர் எஞ்சினுக்கு 18 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு எண்ணெய் டின் அளவு. அடியில் மிகத் தாழ்ந்த இடத்தில் சிறிய துளை ஒன்று. காய்கறி வாங்கப் போய்வருகிற குறுகிய ஓட்டத்தில் உள்ளே தண்ணீர் சேரும். போன சைலன்சர் துருப்பிடித்ததே அதனால்தான்.

கம்பளி கிறீச்சை விழுங்கும், 'ஹூம்' என்ற அடித்தொண்டைச் சத்தத்தை விழுங்காது. 80 கிலோமீட்டர் வேகத்தில் என் எஞ்சின் சுமார் 2400 சுற்று. நாலு சிலிண்டருக்கு அது நொடிக்கு 80 வெடிப்பு. அந்த 80 தான் காருக்குள் உட்கார்ந்திருப்பவர் மண்டைக்குள் ரீங்காரம் போடும். அதற்கு ஒரு பழைய வித்தை: குழாயின் பக்கத்தில் முனை அடைத்த கிளைக்குழாய் ஒன்றை வைத்தால், அலை அதற்குள் போய்த் திரும்பி வந்து, வருகிற அலையைத் தானே அடித்துப் படுக்கவைக்கும். நீளம் அலையின் கால் பங்கு இருக்க வேண்டும். சூடான புகையில் ஒலி வேகமாகப் போகும் என்பதையும் சேர்த்து, நாலேமுக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு என்று கணக்கு வந்தது. கிளைக்குழாயில் காற்று ஆறிவிடுவதால் கடைசியில் நாலேகால் அடியில்தான் சரியாக உட்கார்ந்தது. அடைப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, நீலாம்பூர் பைபாஸில் மூன்று முறை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தோம். "இந்த வாலு எதுக்குங்க சார்?" என்று கேட்ட கடைக்காரர், ஓட்டிப் பார்த்துவிட்டு வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரமே மூன்றாவது வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். அவனுடைய கம்பெனி சைலன்சர் மொட்டை மாடியில் கிடந்தது. "பந்தயம் வச்சுக்கலாமா கண்ணு?" என்றேன். மூன்றாவது கியரில் 40லிருந்து 80 வரை, ஒவ்வொன்றிலும் ஐந்து முறை, கையில் ஸ்டாப்வாட்ச். சத்தம் போடுகிற சைலன்சரில் சராசரி 8.2 விநாடி. கம்பெனி சைலன்சரில் 8.1. என் கட்டைவிரல் தவறு அதைவிடப் பெரிது. ஆக இரண்டும் ஒன்று. பின்குழாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்த கைபேசியில் மட்டும் ஒன்று 98, மற்றது 83. கைபேசிக் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஆனால் பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். பையன் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. எல்லா வண்டிக்கும் சைலன்சர் வேண்டும், சத்தத்தை முடிந்த அளவு குறைக்க வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி சொல்கிறது. ஒலி வரம்பை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு என்பதும் 2000ஆம் ஆண்டிலிருந்தே விதி. ஊருக்கு ஊர் பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோட்டில் அடுக்கி ரோலர் ஏற்றி, படம் எடுத்துப் போடுகிறார்கள். விற்ற கடை மறுநாளும் திறந்திருக்கிறது. ரோலருக்கு டீசல் செலவுதான் மிச்சம்.

நாமும் யோக்கியர்கள் அல்ல. 1976இல் நான் என் ஜாவா சைலன்சரின் உள்குழாயை உருவி எறிந்தவன். ஊர் அதிர்ந்தது, மேட்டில் வண்டி திணறியது. திணறியதை யாரிடமும் சொல்லவில்லை. நடைப்பயிற்சி நண்பரிடம் இப்போது சொல்லிவிட்டேன். அவரும் ஏதோ ஒரு ராஜ்தூத் கதையைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

புது வண்டி வைத்திருக்கிற பேரன்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்கு இந்தக் கிளைக்குழாய் வித்தையெல்லாம் தேவையில்லை. கம்பெனிக்காரன் இதைவிட நன்றாகவே கணக்குப் போட்டிருக்கிறான். நடுவில் இருக்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டரில் கை வைத்தால் எஞ்சின் விளக்கு எரியும், புகைச் சோதனையிலும் மாட்டுவீர்கள். என்னைப் போல் உதிரிபாகம் கிடைக்காத வண்டிக்காரர்கள்தான் புதிதாகச் செய்ய வேண்டும். செய்வதை அமைதியாகச் செய்யுங்கள்.

பையனின் கம்பெனி சைலன்சர் இப்போது காரில் இருக்கிறது. மற்றதை அவன் விற்கவில்லை. தார்ப்பாயில் சுற்றி மொட்டை மாடியில் வைத்திருக்கிறான். என் மனைவி பத்து மணிக்குப் படுக்கிறாள். உங்கள் தெருவிலும் ஒருவன் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு பைபாஸுக்குக் கூட்டி வாருங்கள். ஸ்டாப்வாட்ச் என்னிடம் இருக்கிறது.