கிரகணமும் காமிராவும்

2019ம் வருஷம் டிஸம்பர் 26ந் தேதி காலை கோயமுத்தூர், திண்டுக்கல் முதலிய ஊர்களில் சூரியன் கங்கணம்போல் நின்றதை ஜனங்கள் கண்டு களித்தனர். சென்னைக்குக் கிட்டியது பார்சுவ கிரகணம். அதாவது, ஒரு பகுதி மட்டும் மறையும் கிரகணம். இத்தகைய வேளையில் கைபேசியை நேரே வானத்துக்கு நீட்டிப் படம் எடுப்பவருக்கு ஒரு வெள்ளைத் திட்டே கிடைக்கும். படம் கெடுவது பற்றி நமக்குக் கவலையில்லை. கண் கெடுவது பற்றியே கவலை.

பூரண கிரகணத்தில், முழுதும் மறைந்திருக்கும் சில நிமிஷங்களுக்குச் சூரியனை வெறுங் கண்ணால் நோக்கலாம். பார்சுவ கிரகணத்தில் ஒரு கணமும் கூடாது. நூற்றில் 99 பங்கு மறைந்தாலும், எஞ்சிய பங்கு பௌர்ணமிச் சந்திரனைவிடச் சுமார் 4,000 மடங்கு ஒளி வீசும். விழித்திரை வெந்தாலும் வலி தெரியாது. சாணம் கரைத்த தாம்பாள நீரில் பார்ப்பது நம் பாட்டிமார் கண்ட உபாயம். அவர்களுடைய ஜாக்கிரதையை மெச்சுகிறோம். ஆனால் அந்தப் பிரதிபிம்பமும் கண்ணுக்கு அதிகமே. புகை பிடித்த கண்ணாடியும் எக்ஸ்ரே பிலிமும் அப்படியே.

நல்ல காமிரா உடையோர், லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் சூரிய வடிகட்டியை லென்ஸின் முன்புறம் பொருத்த வேண்டும். கண் வைக்கும் பக்கத்தில் பொருத்தினால் குவிந்த உஷ்ணத்தில் அது வெடித்துவிடும். ஒரு சௌகரியமும் உண்டு. பிறை மெலிந்தாலும் அதன் பிரகாசம் பெரும்பாலும் மாறுவதில்லை; ஆகவே முந்திய நாள் முழுச் சூரியனைப் படமெடுத்துக் கண்ட அளவே கிரகணத்துக்கும் பொருந்தும். ஆனால் 500 மில்லிமீட்டர் லென்ஸிலும் சூரிய பிம்பத்தின் அகலம் ஏறக்குறைய 4½ மில்லிமீட்டர்தான்! பணமுள்ளவர் காரியம் இது.

ஏழைப் பிள்ளைக்கு வேப்பமரம் போதும். இலைச் சந்துகளினூடே விழும் ஒளிப்பொட்டுகள் அன்று பிறைகளாக மாறும். அட்டையில் ஆணியால் ஒரு துவாரமிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால், மூன்று மீட்டருக்கு அப்பாலுள்ள சுவரில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட பிம்பம் விழும். அதைக் கைபேசியில் படமெடுக்க வடிகட்டி வேண்டாம், கண்ணுக்கும் அபாயமில்லை.

2027 ஆகஸ்டு 2ந் தேதி, திங்கட்கிழமை மாலை, தமிழ்நாட்டில் பார்சுவ கிரகணம் தெரியும். பள்ளி நாள். கதவைச் சாத்திக் குழந்தைகளை உள்ளே அடைப்பதோ, அவசரமாக வீட்டுக்கு விரட்டுவதோ வேண்டாம். உபாத்தியாயர்கள் அவர்களைச் சிறிது நேரம் நிறுத்திவைத்துக் கொள்ளட்டும். மேற்குப் பார்த்த சுவர் ஒன்றும், பழைய அட்டைகளும் இல்லாத பள்ளிக்கூடம் எது?