தோசைக் கையும் பான்கேக் மாவும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலை. கடையில் வாங்கின பான்கேக் மிக்ஸ் தீர்ந்துபோச்சு. "இதென்ன பெரிய வித்தை, நானே பண்ணித் தரேன்"னு மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர் எல்லாம் போட்டு, பால் ஊற்றி நல்லா அடிச்சேன். இருபது வருஷமா தோசை வார்க்கிற கை. மாவு வழவழன்னு வந்தது. சின்னவள் ஒரு வாய் கடிச்சுட்டு, "அம்மா, ரப்பர் மாதிரி இருக்கு. கடை மிக்ஸே வாங்கிடலாம்" என்றாள்.

தப்பு என் தோசைக் கையில்தான். அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் கிடையாது. எவ்வளவு அரைத்தாலும் அடித்தாலும் கெடாது. ராத்திரி முழுக்க இருந்தால்தான் பொங்கும். மைதாவில் ஈரம் பட்டுக் கலக்கக் கலக்க குளூட்டன் இழுவை பிடிக்கும். பரோட்டாவுக்கு அது வேணும், பான்கேக்குக்கு ஆகாது. பேக்கிங் பவுடரும் ஈரம் பட்ட உடனே வேலையை ஆரம்பிச்சுடும். முந்தின நாளே கரைத்து வைத்தால் காலையில் தட்டையாத்தான் வரும்.

அதனால் உலர்ந்த சாமான்களை மட்டும் மொத்தமா கலந்து வைங்க. கரைப்பது கல் சூடாகிறபோது.

மிக்ஸுக்கு: மைதா 4 கப், சர்க்கரை கால் கப், பேக்கிங் பவுடர் 8 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன். இரண்டு தடவை சலித்து, ஈரமில்லாத டப்பாவில் இறுக்கி மூடுங்க. இரண்டு மாசம் தாராளமா வரும். ஒரு கப் மைதாவுக்குப் பதில் ஆட்டா போடலாம். அப்போ பால் கொஞ்சம் கூட வேணும், டப்பாவை ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. லண்டன், சிட்னி பக்கம் இருக்கிறவங்க 'செல்ஃப் ரெய்சிங்' மாவை எடுத்துடாதீங்க. அதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே இருக்கு.

பேக்கிங் பவுடர் பழசா? அரை டீஸ்பூனை வெந்நீரில் போடுங்க. நுரைத்துப் பொங்கினால் சரி.

சுடும்போது: ஒரு கப் மிக்ஸ், முக்கால் கப் பால், ஒரு முட்டை, உருக்கின வெண்ணெய் 2 டீஸ்பூன். முட்டை வேண்டாம்னா பாலுக்குப் பதில் கெட்டி மோர் ஒரு கப், ஆப்ப சோடா கால் டீஸ்பூன். எங்க மாமியாருக்கு இப்படித்தான்.

பத்துப் பன்னிரண்டு சுற்றோடு கரண்டியை வைச்சுடுங்க. கட்டி கட்டியா இருக்கும், இருக்கட்டும், வேகும்போது கரைஞ்சுடும். ஐந்து நிமிஷம் விட்டு, மிதமான தீயில் ஒரு கரண்டி மாவை ஊற்றுங்க. தோசை மாதிரி தேய்க்காதீங்க. மேலே குமிழ் வந்து உடைஞ்சு, ஓட்டை மூடாமல் நின்றால் திருப்புங்க. ஒரே தடவைதான். கரண்டியால் அமுக்கினால் உள்ளே இருக்கிற காற்றெல்லாம் போயிடும்.

போன சனிக்கிழமை சின்னவள்தான் கரைச்சாள். கட்டியைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கலை, கரண்டியை வாங்கப் போனேன். "அம்மா, தொடாதீங்க!" என்றாள். பாட்டிக்கு மோர் பான்கேக் நாலு, தனக்கு முட்டை போட்டது நாலு, அவளே சுட்டாள். கடை மிக்ஸ் பேச்சையே யாரும் எடுக்கலை.