கலவை அறைக்குள் நமக்கும் இடம் வேண்டும்

படிப்பை முடித்து ரப்பர் மோல்டிங் ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்குப் போகும் டிப்ளமோக்காரருக்கு முதல் நாள் என்ன சொல்லித் தருகிறார்கள்? "பிரஸ்ஸை ஏத்து, டைமரைப் பாரு, பீஸை எடு, பிசிறைக் கிள்ளு." அவ்வளவுதான். காம்பவுண்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "அது ரெடிமேடா வந்துடும் தம்பி, நீ உன் வேலையைப் பாரு" என்பார்கள். மூன்று வருடம் படித்தது பிசிறு கிள்ளவா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலிக்கோன் ரப்பர் பொருள் செய்யும் சிறு தொழிற்கூடம் தன் காம்பவுண்டைத் தானே கலக்க வேண்டும். கலக்கும் இடத்தில் நம்மைப் போல் படித்த ஒருவர் நிற்க வேண்டும்.

சிலிக்கோனுக்கு மூலம் மணலில் இருக்கும் சிலிக்கான். அதையும் மீத்தைல் குளோரைடையும் தாமிரத்தின் துணையோடு நேரடியாகச் சேர்க்கும் வழியை ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் யூஜின் ரோச்சோ 1940-இல் கண்டார். 1969-இல் நிலவில் தடம் பதித்த பூட்ஸின் அடிப்பாகமும் சிலிக்கோன் ரப்பர்தான். பெருமை போதும், விஷயத்துக்கு வருவோம். வெறும் கம் பாகு மாதிரி இருக்கும், பலமே கிடையாது. புகையாய்ப் பறக்கும் மெல்லிய சிலிக்காத் தூளைச் சேர்த்த பிறகே இழுத்தால் தாங்கும். இது பேஸ். இதில் வேக வைக்கும் பெராக்சைடையும் கலரையும் சேர்த்தால் காம்பவுண்ட்.

ஒருவர் வந்து 50 ஷோர், வெளிர் நீலம், 15 கிலோவுக்கான கேஸ்கெட் வேண்டும் என்கிறார். வெளியில் காம்பவுண்ட் வாங்குகிறவர், "அவ்வளவு கம்மியா கலந்து தரமாட்டாங்க சார்" என்று ஆர்டரை விட்டுவிடுவார். சொந்த மில் வைத்திருப்பவர் 40 ஷோர் பேஸையும் 60 ஷோர் பேஸையும் சரிபாதி போட்டு, கலர் சேர்த்து, அன்று மாலையே பிரஸ்ஸில் ஏற்றிவிடுவார். இன்னொன்று, பேஸை ரொம்ப நாள் வைத்திருந்தால் சிலிக்காவும் கம்மும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறுகிப்போகும். மில்லில் நாலு சுற்று விட்டால் பழையபடி இளகும். மில் இல்லாதவர் அந்தக் கட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

அதற்காக கம்மிலிருந்தே ஆரம்பியுங்கள் என்று நான் சொல்லவில்லை. சிலிக்காத் தூள் அறை முழுக்கப் பறக்கும்; மூடிய மிக்ஸரும் தூசி இழுக்கும் ஏற்பாடும் இல்லாத இடத்தில் அது வேண்டாம். பேஸை வாங்கிக்கொள்ளலாம், கடைசிக் கலவையை மட்டும் நாம் செய்தால் போதும். இயற்கை ரப்பர் ஓட்டிய மில்லிலேயே சிலிக்கோனையும் ஓட்டக் கூடாது. ஒட்டியிருக்கும் கந்தகம் பிளாட்டினம் முறையில் வேகும் சிலிக்கோனை வேகவிடாமல் கெடுத்துவிடும். ரோலுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சூடானால் பெராக்சைடு மில்லிலேயே வேலையை ஆரம்பித்துவிடும். முக்கியமாக, அவசர நிறுத்தக் கம்பி வேலை செய்யாத மில்லில் யாரும் கை வைக்கக் கூடாது. இரண்டு ரோலுக்கு நடுவே போன விரல் திரும்பி வராது.

இனி யாரும் பேச விரும்பாத விஷயம். நான் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு கூடத்தில் தராசு இருந்தது, பேட்ச் நோட்டு இல்லை. பெராக்சைடைக் கண்ணளவில் போட்டார்கள். நூறு பங்குக்கு ஒன்று, ஒன்றரை என்று சேரும் சரக்கு அது. 5 கிலோ பேட்ச்சுக்கு 50 முதல் 75 கிராம். கண்ணளவு எப்படிச் சரிப்படும்? விலை இறங்க வேண்டுமென்றால் சுண்ணாம்புக்கல் தூளும் ஒரு கை விழுந்தது. ஆக, சொந்தக் கலவை நேர்மைக்கு உத்தரவாதமல்ல. ஏமாற்றவும் அதே மில்தான் உதவும். அதனால்தான் அங்கே படித்தவர் நிற்க வேண்டும் என்கிறேன்.

வேக வைத்த பிறகும் கதை உண்டு. டைகுமைல் பெராக்சைடு போட்ட பொருளில் ஒருவித வாடை தங்கும். 200 டிகிரி ஓவனில் 4 மணி நேரம் வைத்தால் அதுவும், மற்ற ஆவியாகும் மிச்சங்களும் பெரும்பாலும் போய்விடும். கரண்ட் பில்லைப் பார்த்து இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அது சாப்பாட்டு டப்பாவின் மூடி வளையம் என்றால் யார் வயிற்றுக்குப் போகும்? ஜெர்மனியின் என்னெப்பெட்டால் நகரில் சிலிக்கோன் ஆலைப் பக்கத்தில் பி.சி.பி. என்ற நச்சுப்பொருள் காணப்பட்டு, 2019 வாக்கில் பெரிய பிரச்சினையானது. குளோரின் உள்ள பெராக்சைடு வேகும்போது அது சிறிதளவு உண்டாகிறது. எந்தப் பெராக்சைடு என்று கேட்கும் உரிமை, கலப்பவருக்குத்தானே முதலில் இருக்கிறது?

துறைத் தலைவர்களுக்கும் நம் பேரவைக்கும் ஒரு கோரிக்கை. நம் லேபுக்கு ஒரு சிறிய இரட்டை ரோல் மில்லும் ஷோர் மீட்டரும் வேண்டும். "நிதி இல்லையப்பா" என்பீர்கள். சரி, அது வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 50 ஷோர் சாதா சிலிக்கோனின் ஒப்படர்த்தி 1.15 பக்கம் இருக்கும். தூள் திணித்தால் 1.3, 1.4 என்று ஏறும். முறுக்கினால் வெளுக்கிறதா என்று பார்ப்பதைவிட இது நம்பகமானது. தராசு, நூல், ஒரு பீக்கர் தண்ணீர் எல்லாம் நம் பிசிக்ஸ் லேபிலேயே இருக்கிறது. அடுத்த வாரம் ஆளுக்கொரு கேஸ்கெட்டை வாங்கி வாருங்கள், எடை போட்டுப் பார்த்துவிடலாம்.