உப்புக் காற்றும் குரோமிய முலாமும்

மரக்காணம் கடற்கரையை அடுத்த கிராமங்களில் நெல்லும் வேர்க்கடலையும் தர்பூசணியும் சவுக்கும் பயிராகும் நிலங்களுக்குப் பக்கத்திலேயே உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. டிராக்டர், டிப்பர் டிரெயிலர், பொக்லைன் ஆகிய இயந்திரங்கள் ஒரு மாதம் வயலிலும் மறு மாதம் உப்பளத்திலும் உழைக்கின்றன. இவற்றுக்குக் கைகால் போன்று விளங்குவது ஹைட்ராலிக் சிலிண்டர். எண்ணெயின் அழுத்தத்தால் வெளியே நீண்டு பாரத்தைத் தூக்குவது அதனுள் இருக்கும் ராடு. அந்த ராடின் மேல் ஏற்றப்பட்டுள்ள குரோமிய முலாமே துருவைத் தடுத்து, எண்ணெய் கசியாமல் காக்கும் சீலையும் பாதுகாக்கிறது.

முலாம் கெட்ட ராடைப் பட்டறைக்கு அனுப்பும்போது நம்மவர் கேட்பவை இரண்டே: கூலி எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்பன. திரும்பி வந்த ராடு கண்ணாடிபோல் மின்னினால் வேலை நன்றென்று திருப்தியடைகின்றனர். உப்புக் காற்றடிக்கும் இப்பகுதிக்கு அவ்வழக்கம் பொருந்தாது என்பதும், கூலியைப் பேசுமுன் முலாமின் அளவையும் முறையையும் எழுத்தில் பெற வேண்டும் என்பதுமே நமது அபிப்பிராயம்.

முலாம் கெடும் விதம்

குரோமியம் மிகக் கடினமான உலோகம். மண்ணும் மணலும் அதை எளிதில் கீறமாட்டா. சாதாரண உப்புநீரும் அதை அவ்வளவாக அரிப்பதில்லை. ஆனால் மின்சாரத்தால் படியும் குரோமிய முலாமில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் இயல்பாகவே உண்டு. முலாம் மெல்லியதாயிருப்பின் அவ்வெடிப்புகள் வழியே உப்புநீர் அடியிலுள்ள எஃகைத் தொட்டுவிடும். எஃகு துருப்பிடித்துப் பருத்து முலாமை மேலே தள்ளும், முலாம் செதில் செதிலாகப் பெயரும், அச்செதிலின் கூரிய விளிம்பு சீலைக் கிழிக்கும், எண்ணெய் ஒழுகும். புதிய சீலை எத்தனை முறை மாற்றினும் ராடு சீர்ப்படாதவரை அந்நோய் தீராது.

உப்பளத்தின் சேறு கடற்காற்றினும் கொடியது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவுக்கு மேற்பட்டால்தான் சமையல் உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பு வாரியபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மிகுந்துள்ள மக்னீசியக் குளோரைடோ, ஈரப்பதம் 35-ஐ எட்டினாலே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே அச்சேறு ஒட்டிய ராடு நண்பகல் வெயிலிலும் உள்ளூர நனைந்தே இருக்கும். உள்நாட்டு வயலில் நெடுநாள் உழைக்கும் முலாம் இங்கே விரைவில் கெடுவதற்குக் காரணம் இதுவே.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

முறையான வேலையில் பழைய முலாமை முழுதும் நீக்கி, ராடு வளைந்துள்ளதா என்று சோதித்து, ஆழமான குழிகளை அடைத்துக் கடைந்து, அதன்பின்பே புது முலாம் ஏற்றுவர். துருக்குழியின் மேல் ஏற்றிய முலாம் குழியை மூடுவதில்லை, மறைக்கவே செய்யும்.

முலாம் தொட்டியில் பொதுவாக ஒரு லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலமும், அதில் நூற்றில் ஒரு பங்கான 2.5 கிராம் கந்தக அமிலமும் இருக்கும். சூடு 50 முதல் 60 டிகிரி வரை. இவ்விகிதம் பிசகினால் முலாம் சரிவரப் படியாது. அத்தொட்டிக்கு உப்பு, அதாவது குளோரைடு, ஆகாது. சிறிதளவு கலந்தாலும் முலாமின் தரம் குன்றும். கடற்கரையோரக் கிணற்றின் உவர்நீரைத் தொட்டியில் ஊற்றும் பட்டறையில் நல்ல முலாமை எதிர்பார்த்தல் வீண். உப்பு நீக்கிய நீரையே வார்க்கிறார்களா என்று கேட்டறிதல் நலம்.

குரோமியம் மெதுவாகப் படிவது. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 15 முதல் 30 மைக்ரான் வரையே ஏறும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான். தடித்த முலாம் ஏற்றிச் சாணையில் தேய்த்து அளவுக்குக் கொணர நேரம் பிடிக்கும். காலையில் கொடுத்த ராடு மாலையில் வந்துவிட்டால் மகிழ்வதற்கு முன் முலாமை அளந்து பார்க்க வேண்டும்.

உப்பளத்தில் உழைக்கும் ராடுக்குக் குரோமியத்தின் அடியில் வெடிப்பில்லாத நிக்கல் முலாம் ஒன்று இருத்தல் சிறந்தது. நுண்வெடிப்பு வழியே இறங்கும் உப்புநீரை அது எஃகை அடையாமல் தடுக்கும். கடினப்படுத்திய எஃகு ராடானால், முலாம் ஏறிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரிச் சூட்டில் வைத்து, எஃகினுள் புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். இல்லாவிடில் பாரம் தாங்கும் வேளையில் ராடு முறியக்கூடும்.

சீட்டில் எழுதப்பட வேண்டியவை

இவற்றையெல்லாம் விவசாயி தாமே சோதிக்க இயலாது. ஆயினும் ராடு திரும்பும்போது பட்டறையார் கையெழுத்திட்ட சீட்டில் நான்கு விவரங்களைக் கேட்டுப் பெறலாம்: முலாமுக்கு முன் ராடின் விட்டம், சாணை தீட்டியபின் விட்டம், அடியில் நிக்கல் உண்டா இல்லையா, சூட்டில் வைத்தது உண்டா இல்லையா.

இரு விட்டங்களின் வித்தியாசத்தில் பாதியே மொத்த முலாமின் தடிப்பு. உதாரணமாக, முன்பு 49.87 மில்லிமீட்டரும் பின்பு 49.95 மில்லிமீட்டரும் இருந்தால், வித்தியாசம் 0.08, தடிப்பு 0.04 மில்லிமீட்டர், அதாவது 40 மைக்ரான். புதிய ராடுகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மைக்ரான் இருக்கும். உப்பளத்துக்கு அதனினும் சற்று மிகுதியாகக் கேட்பது தகும். ராடின் இரு முனைகளிலும் நடுவிலும் அளந்து எழுதச் சொல்ல வேண்டும். மையம் பிசகித் தேய்த்த ராடில் ஒரு புறம் முலாம் தடித்தும் மறுபுறம் வெறும் எஃகுமாக இருப்பதுண்டு.

இதனால் கூலி உயரும் என்பர் சிலர். உயரத்தான் செய்யும். ஆனால் ராடைக் கழற்றும் கூலி, சிந்திய எண்ணெய், மாற்றிய சீல், இயந்திரம் நின்ற நாட்கள் ஆகியவற்றை ஆண்டுக் கணக்கில் கூட்டிப் பார்ப்பவருக்கு எது சிக்கனம் என்பது விளங்கும். 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, விழுப்புரம் ஜில்லாவில் பெருமழை பொழிந்ததை யாரும் மறந்திரார். அத்தகைய வேளையில் உடைந்த கரையை அடைக்க வேண்டிய இயந்திரம் எண்ணெய் ஒழுகி நின்றால், அந்நஷ்டம் உடையவர் ஒருவரோடு நிற்பதில்லை. ஊரார் பயிர் முழுவதையும் சேரும்.

கழிவுநீர்

ராடில் படிந்த குரோமியம் தீங்கற்றது. தொட்டியிலுள்ள ஆறிணைதிறக் குரோமியமோ புற்றுநோய் விளைவிக்கும் நஞ்சு. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்திய அளவை. ராணிப்பேட்டையில் குரோமிய உப்புக்கள் செய்த தொழிற்சாலையொன்று 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, ஆலை நின்ற பின்னரும் நிலத்தடி நீரை நெடுங்காலம் கெடுத்தது. மலிவான முலாமின் மிச்சம் சில சமயம் கழிவுநீரைச் சுத்தி செய்யாமல் விடுவதிலிருந்தே கிடைக்கிறது. கிராம அதிகாரிகள் முலாம் பட்டறைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு உண்டா என்று பார்ப்பதும், வாய்க்காலில் மஞ்சள் நிற நீர் கண்டால் உடனே மேலிடத்துக்கு அறிவிப்பதும் கடமையாகும். 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரி இப்பகுதிக்கு அருகிலேயே உள்ளது என்பதையும் நினைவிற் கொள்க.

உடையவர் கடமை

நல்ல முலாமும் பராமரிப்பின்றி நிலைக்காது. உப்பளத்திலிருந்து திரும்பிய அன்றே ராடை நன்னீரால் கழுவித் துடைத்து, இயன்றவரை சிலிண்டருக்குள் இழுத்து நிறுத்த வேண்டும். வெளியே நிற்கும் பகுதிக்குக் கிரீஸ் தடவுக. உயர்த்திய டிரெயிலரின் கீழ் முட்டுக்கட்டை கொடாமல் ஒருவரும் நுழையலாகாது.

தனி ஒருவர் சீட்டுக் கேட்டால் பட்டறையார் தட்டிக் கழிக்கலாம். ஊரிலுள்ள இயந்திர உடைமையாளரும் வாடகை நிலையத்தாரும் ஒன்றுகூடி ஒரே மாதிரிச் சீட்டை வகுத்து, அதைத் தருவோரிடமே வேலை கொடுப்பது என்று தீர்மானித்தால், நேர்மையாக உழைக்கும் பட்டறைக்கு உரிய கூலி கிடைக்கும், மற்றவை திருந்தும். மழைக்காலத்தில் உப்பளம் ஓய்ந்து ராடுகள் பழுதுக்குக் கழற்றப்படும் சமயமே இத்தீர்மானத்துக்கு ஏற்ற காலம்.